ஒலி வருமுன் கேட்ட அனுமதி

நம் இயங்குதளத்தைக் கணினியில் நிறுவித் தரும் இன்ஸ்டாலரின் பொறுப்பை இந்த மாதத்தோடு உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். முப்பது வயதைச் சற்றே தாண்டியவளை ஓய்வு பெறுகிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் இந்தத் தொழிலைப் பொறுத்தவரை எனக்கு இது ஓய்வுதான். அடுத்து கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன். அங்கே நான் எதையாவது பிழையாகச் செய்தால் அதிகபட்சம் மாணவர்கள் தூங்குவார்கள். யாருடைய கணினியும் நின்றுபோகாது.

வெளியீட்டை எப்படித் தயார் செய்வது, எந்தச் சோதனையை எந்த வரிசையில் ஓட்டுவது என்பதெல்லாம் ஆவணங்களில் இருக்கிறது. பட்டியல் போடுவதில் எனக்கிருக்கும் ஆர்வம் உங்களுக்குத் தெரியும்; அதனால் தேவைக்கு மேலேயே இருக்கும். நான் இங்கே எழுதுவது அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றி. 'ஒவ்வொரு வெளியீட்டையும் ஒருமுறையாவது திரையை முழுவதும் அணைத்துவிட்டு நிறுவிப் பார்க்க வேண்டும்.' புதிதாக வருகிறவர்கள் இந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். அதற்கான பதிலை ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நம் வேலை என்ன என்று வெளியாள் யாராவது கேட்டால் நான் மூன்றாகப் பிரித்துச் சொல்வேன். ஒன்று, லினக்ஸை அடிப்படையாக வைத்து நூலகங்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் ஓர் இயங்குதளம் தயாரிக்கிறோம். இரண்டு, அதன் மூல நிரலை யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மூன்றாவதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். கணினிக்குள் இருக்கும் சில சிப்களுக்கு, அவற்றைத் தயாரித்தவர்கள் தரும் ஒரு கோப்பு தேவை. அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கணினி எழும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோப்பைச் சிப்புக்குள் ஏற்றினால்தான் சிப் வேலை செய்யும். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டமாட்டார்கள். அப்படியே நகலெடுத்துக் கொடுக்கலாம் என்பது மட்டும்தான் அனுமதி.

நான் சேர்ந்த காலத்தில் அப்படிப்பட்ட கோப்பு ஒன்றுகூட நம் இயங்குதளத்தில் கிடையாது. மூலம் தெரியாத எதையும் சேர்ப்பதில்லை என்பது விதி. அதைக் காத்து வந்தவர் தனசேகர். நீங்கள் எல்லோரும் அறிந்த அதே தனசேகர்தான்.

அவரைப் பிடிவாதக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே வருவதற்கு முன் அவர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இருந்தார். புட்டிகளின் மூடி சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும் கேமராக்கள் அவர் பொறுப்பு. அந்தக் கேமராக்களை ஓட்டும் டிரைவர் என்ற நிரல் மூடிய மூலம்; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. அதை எழுதிய நிறுவனம் ஒருநாள் அந்த மாடலையே கைவிட்டது. இயங்குதளத்தைப் புதுப்பித்தால் கேமரா நிற்கும். புதுப்பிக்காவிட்டால் தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளோடு ஓட வேண்டும். கேமராக்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் டிரைவரில் ஒரு வரியை மாற்ற அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் வழியில்லை. நன்றாக இருந்த கேமராக்களைக் கழற்றிப் பழைய சாமானோடு ஏற்றி அனுப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். மூடிய கோப்பு என்றதும் அவர் முகம் இறுகுவதற்குக் காரணம் இருந்தது.

இந்த நிலையில்தான் ரெஜினாவின் போன் வந்தது.

"வணக்கம். உங்க சாஃப்ட்வேர் பழைய லேப்டாப்ல நல்லா வாய் பேசுது. புது லேப்டாப்ல மூச்சே விடமாட்டேங்குது. ரெண்டுக்கும் ஏதாவது சண்டையா?"

ரெஜினா விவேக் நகர்க்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. சிவாஜிநகரில் பார்வையற்றோருக்குக் கணினி கற்றுத்தரும் ஒரு மையத்தில் தற்காலிகப் பயிற்சியாளராக இருந்தார். அந்த மையத்துக்கு ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர் நிரந்தரமாகத் தேவைப்பட்டபோது அவர் விண்ணப்பித்தார். மேலாளருக்கு அவர்மேல் நல்ல எண்ணம்தான். ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது. கணினி எழாமல் போனால், புதிதாக நிறுவ வேண்டியிருந்தால், பார்வையில்லாத ஒருவர் தனியாகச் செய்ய முடியுமா? அதனால் ஒரு சோதனை வைத்தார். புதிதாக வந்திருக்கும் ஆறு லேப்டாப்களையும் அடுத்த வாரம் திங்கட்கிழமை, யார் துணையும் இல்லாமல், ரெஜினாவே நிறுவிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அந்த வேலைக்குப் பார்வையுள்ள ஒருவரை எடுப்பார்கள்.

நம் இன்ஸ்டாலர் திரையில் வருவதையெல்லாம் வாசித்துச் சொல்லும் என்பதை நம்பித்தான் ரெஜினா ஒப்புக்கொண்டிருந்தார். பழைய லேப்டாப்களில் அது பிரமாதமாகப் பேசும். ஏனென்றால் அவற்றின் ஒலிச் சிப்புக்கு எந்தக் கோப்பும் ஏற்ற வேண்டியதில்லை. புதியவற்றின் சிப் கோப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும். நாம் கொடுக்கவில்லை, அதனால் ஒலி இல்லை.

மறுநாளே அவர் ஒரு லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் நம் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். தனசேகர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"யூ.எஸ்.பி. ஹெட்போன் மாட்டினா எந்தக் கோப்பும் வேணாமே மேடம். அது பாட்டுக்குப் பேசும்."

"பேசும் சார். எங்கிட்டயே ஒண்ணு இருக்கு. அப்புறம் கிளாஸ்ல உக்கார்ற பசங்க ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு மாட்டி விடணும். அத மறந்துட்டு வந்தா அன்னிக்கு கிளாஸ் இல்ல. சார், நீங்க லேப்டாப் வாங்கும்போது ஸ்க்ரீன் தனியா வாங்கினீங்களா?"

தனசேகர் தன் லேப்டாப்பை மெதுவாக மூடி வைத்தார். அது அவருக்குக் கோபம் வந்ததற்கான அடையாளம் அல்ல. யோசிக்கிறார் என்று பொருள்.

அடுத்த இரண்டு நாட்கள் குழுவில் பேசிப் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தோம். ஒலிக்கான ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரில் வைப்போம். ஆனால் தானாக ஏற்றமாட்டோம். முதலில் பயனரிடம் கேட்போம்: 'இந்தக் கணினியின் ஒலிச் சிப்புக்கு மூடிய மூலக் கோப்பு ஒன்று தேவை. ஏற்றலாமா?' ஆம் என்றால் ஏற்றுவோம். இல்லை என்றால் விட்டுவிடுவோம். பயனரின் சுதந்திரமும் போகாது, நம் கொள்கையும் கெடாது. தனசேகரே "இது நியாயம்" என்றார். அந்தக் கேள்விப் பெட்டியைத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினோம். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பின்னணி கண்ணை உறுத்தக் கூடாது என்றெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தோம். பெட்டியின் மூலைகளை எவ்வளவு வளைப்பது என்றுகூட ஒரு விவாதம் நடந்தது. அதில் நானும் மும்முரமாகக் கலந்துகொண்டேன்.

இப்போதே உங்களில் சிலருக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை.

ரெஜினா மறுபடி வந்தார். பென்டிரைவைச் செருகினார், கணினியை எழுப்பினார், கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம். திரையில் எங்கள் கேள்விப் பெட்டி மூன்று மொழிகளில் அழகாக வந்து நின்றது. நாங்கள் அவர் பதிலுக்காகக் காத்திருந்தோம். அவர் கணினி பேசுவதற்காகக் காத்திருந்தார்.

பிறகு நான்தான் சொன்னேன்.

"என்டர் அழுத்துங்க ரெஜினா."

"எதுக்கு?"

"கேள்வி கேட்டிருக்கு. ஆமான்னு சொல்லணும்."

ரெஜினா தலையைச் சற்றுத் திருப்பினார். "யார்கிட்ட கேட்டிருக்கு?"

ஒலிச் சிப்பை எழுப்பலாமா என்ற கேள்வியை, ஒலி இல்லாமல் எதையும் அறிய முடியாதவரிடம், திரையில் எழுதிக் கேட்டிருந்தோம். அறையில் இருந்த ஒருவர்கூட அதற்கு முன் அதை யோசிக்கவில்லை. எல்லோரும் பொறியாளர்கள், எல்லோருக்கும் கண் தெரியும். எழுதிய நேரத்திலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்ததால், அது பார்க்கப்படும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை.

"பரவால்ல விடுங்கப்பா," என்றார் ரெஜினா. "கேட்டிருக்கீங்களே, அதுவே பெருசு. மத்தவங்க கேக்கறதுகூட இல்ல." சிரித்தபடிதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா திங்கட்கிழமை வந்துடும்," என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை.

இதுபோன்ற நேரத்தில் பொறுப்பில் இருப்பவருக்கு இரண்டு ஆசைகள் வரும். விதியைத் தூக்கி எறிந்துவிட்டு வேலையை முடிப்போம் என்பது ஒன்று. விதியின் பின்னால் ஒளிந்துகொண்டு 'மன்னிக்கவும், எங்கள் கொள்கை இது' என்று சொல்லிவிடுவோம் என்பது மற்றது. இரண்டுமே சுலபம். அந்தக் குறையைத் திருத்தும் நேரத்தைவிட, இந்த இரண்டு ஆசைகளையும் தள்ளி வைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

ரெஜினா பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருக்க, நான் தனசேகரிடம் பேசினேன்.

"தனா, பழைய லேப்டாப்ல இருக்கற சிப்புக்குள்ளயும் மூடின நிரல் எத்தனையோ இருக்கு. ஃபேக்டரியிலயே உள்ள வெச்சு அனுப்பிட்டாங்க. நம்ம கண்ணுல படல. அதனால அதுக்கு ஹார்டுவேர்னு பேர் வெச்சிட்டு நிம்மதியா இருக்கோம்."

"அது எனக்குத் தெரியாதா மேகலா? கேக்காம ஏத்தறது திணிப்பு. இன்னிக்கு ஒலிக்குன்னு விட்டா நாளைக்கு கேமராவுக்கு வருவாங்க. 'ஏன் மூடி வெச்சிருக்கே'ன்னு கேக்கறது ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கு. அதையும் நாமளே வாபஸ் வாங்கிட்டா எந்தக் கம்பெனி திறக்கும்?"

"வாபஸ் வாங்க வேணாம். வரிசைய மாத்துவோம். மொதல்ல பேசட்டும். பேசினதுக்கப்புறம் கேக்கட்டும். ஒலிக்கு மட்டும். வேற எதுக்கும் இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வழி கேட்டது. திரும்பி வந்து, "சரி. ஆனா அது பேசற மொதல் வாக்கியத்த நான்தான் எழுதுவேன்," என்றார்.

அது தனசேகரின் தனி நிபந்தனை அல்ல. நம் குழுவின் வழக்கம். இன்றுவரை அதை விடவில்லை, நீங்களும் விடாதீர்கள். விதிக்கு ஒரு விலக்கு கொடுத்தால், அதைப் பயனருக்கு அறிவிக்கும் வாசகத்தை அதிகமாக எதிர்த்தவரே எழுத வேண்டும். ஆதரித்தவர் எழுதினால் அது விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

அவர் எழுதினார். கணினி எழுந்ததும் ஒலிக் கோப்பு தானாக ஏறும்படி நான் மாற்றினேன். சனிக்கிழமை காலை ரெஜினா மீண்டும் வந்து அமர்ந்தார். இந்தத் தடவை நான் திரையை அணைத்துவிட்டேன். எங்களில் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கணினி எழுந்தது. பேசியது. பேசிக்கொண்டே இருந்தது. மூல நிரல் என்றால் என்ன, அதை ஏன் வெளியிட வேண்டும், வெளியிடாவிட்டால் பயனர் எதையெல்லாம் இழக்கிறார், இந்தக் கோப்பை நாங்கள் எவ்வளவு வருத்தத்தோடு சேர்த்திருக்கிறோம்...

ரெஜினா கையை உயர்த்தினார். "ஆமென் எப்ப சொல்லணும்?"

தனசேகரே சிரித்துவிட்டார். "நீளமாயிடுச்சா மேடம்?"

"நல்ல பிரசங்கம் சார். எங்க ஃபாதரே இவ்ளோ நேரம் எடுக்கமாட்டார். எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம். உள்ள என்ன ஏறியிருக்கு? வேணாம்னா என்ன செய்யணும்?" கொஞ்சம் யோசித்து, "மூணு விஷயம். வேணாம்னு சொன்னா பேச்சு நின்னுடும்னும் சொல்லணும். இல்லன்னா கைதவறி அழுத்திட்டு, செத்துப்போச்சுன்னு நினைச்சிட்டு உக்காந்திருப்பேன்," என்றார்.

அந்த மேசையிலேயே தனசேகர் திருத்தினார். இன்றைக்கும் நம் இன்ஸ்டாலர் பேசும் முதல் வார்த்தைகள் அவைதான்: 'இந்தக் கணினியின் ஒலி, மூல நிரல் வெளியிடப்படாத ஒரு கோப்பால் இயங்குகிறது. அது வேண்டாம் என்றால் எஸ்கேப் விசையை அழுத்தவும். அதன்பின் இந்தக் குரல் கேட்காது. தொடர என்டர்.' ஓர் எழுத்தும் வீண் இல்லை. மூடிய கோப்புகளைப் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளைவிட இந்த நான்கு வாக்கியங்கள் எனக்கு நேர்மையாகப் படுகின்றன.

திங்கட்கிழமை நானும் வருகிறேன் என்றேன். ரெஜினா ஒரே வார்த்தையில் மறுத்தார்.

"வராத. நீ வாசல்ல நின்னாகூட நீதான் பண்ணிக் குடுத்தேன்னு ஆயிடும்."

அதனால் அன்று நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் சோதித்தது ஒரே ஒரு லேப்டாப்பில். மற்ற ஐந்திலும் அதே சிப்தான் இருக்கும் என்பது என் நம்பிக்கை மட்டுமே. பெட்டியில் ஒரே மாடல் எண் போட்டிருந்தாலும் உள்ளே வேறு வேறு சிப் வைத்து அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம் என்பதை நீங்களும் சீக்கிரமே அனுபவித்துத் தெரிந்துகொள்வீர்கள். தனசேகர் டீ குடிக்கப் போவதும் வருவதுமாக இருந்தார். நான் போனை மேசையில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் இருக்க வேறு வேலை பார்ப்பதுபோல் நடித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரெஜினா, என்ன ஆச்சு?"

"மொதல்ல எங்க சார் என்ன கேட்டார் தெரியுமா? நான் பாட்டுக்கு ஒண்ணொண்ணா பண்ணிட்டிருக்கேன். அவரு பதறிப்போய், 'ரெஜினா, ஸ்க்ரீன் ஆனே ஆகில்வல்லா'ன்னு கன்னடத்துல கேக்கறார், ஸ்க்ரீனே ஆன் ஆகலியேன்னு. பேட்டரிக்காக நான்தான் வெளிச்சத்த முழுசா கொறச்சு வெச்சிருந்தேன். 'நனக்யாக்கே சார் ஸ்க்ரீன்?'னேன், எனக்கெதுக்கு ஸ்க்ரீன்னு."

"ஆறும் ஆயிடுச்சா?"

கொஞ்சம் தயங்கினார். "அஞ்சு பேசிச்சு. ஆறாவது பேசல."

தனசேகர் நாற்காலியில் நிமிர்ந்தார். நான் போனை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டேன்.

"அப்புறம்?"

"அப்புறமென்ன? கொஞ்ச நேரம் பாத்தேன். சத்தமே இல்ல. சரி, இதுக்குள்ள வேற சிப் போலன்னு என் ஹெட்போன மாட்டி நிறுவி முடிச்சேன். சார்கிட்ட நேராவே சொல்லிட்டேன். 'இதோட ஸ்பீக்கர் இப்போதைக்கு வேலை செய்யாது, இதுக்கான கோப்பு இன்ஸ்டாலர்ல இல்ல, நான் அவங்ககிட்ட சொல்றேன், அது வர்ற வரைக்கும் இத ஹெட்போனோட வெச்சுக்கலாம்'னு."

"அவர் என்ன சொன்னார்?"

"ஆறும் பேசியிருந்தா, 'சரி, சாஃப்ட்வேர் நல்லாயிருக்கு'ன்னு நினைச்சிருப்பாராம். ஒண்ணு பேசாதபோது நீ என்ன பண்ணினேன்னு பாத்தேன், அதுதான் வேணும்னார். ஒண்ணாந்தேதியிலருந்து நான்தான் லேப் இன்சார்ஜ்."

அறையில் யாரோ கைதட்டினார்கள். தனசேகர் மெதுவாக, "வாழ்த்துகள் மேடம்," என்றார். அந்த ஆறாவது சிப்பைத் தயாரித்த நிறுவனம், கோப்பை நகலெடுத்துக் கொடுக்கக்கூட அனுமதி தருவதில்லை என்று பிறகு தெரிந்தது. தனசேகர் அவர்களுக்கு விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். நகலெடுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. மூலம் இன்னும் கிடைக்கவில்லை. வேறு சில நிறுவனங்கள் ஒலிச் சிப்புக்கான மூலத்தையே வெளியிட ஆரம்பித்திருக்கின்றன. இந்த விஷயத்தில் நான் நம்பிக்கையோடுதான் போகிறேன். எழுதுகிற வேலையை நீங்கள் தொடருங்கள். பதில் வராத கடிதங்களைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம்.

அன்றைய அழைப்பு இன்னும் முடியவில்லை.

"இருங்க, ஒரு கம்ப்ளைன்ட் இருக்கு," என்றார் ரெஜினா. "அந்தக் குரல் ஏன் இவ்ளோ மெதுவா பேசுது? குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா. திரும்பத் திரும்ப அதையே கேட்டு எனக்குப் பாதி உயிர் போச்சு. இதுவும் அந்த மூடின கோப்போட வேலையா?"

"இல்ல மேடம்," என்றார் தனசேகர். "சிப்புக்குள்ள போறதுதான் மூடினது. பேசற நிரல் முழுக்கத் திறந்த மூலம். யார் வேணா மாத்தலாம்."

"யார் வேணா மாத்தலாமா?"

"ஆமா."

"அப்ப உங்ககிட்ட சாக்கு எதுவும் இல்ல. மாத்துங்க சார்."

வேகத்தைக் கூட்ட ஒரு விசையை அன்று மாலைக்குள் சேர்த்துவிட்டோம். எவ்வளவு வேகம் வேண்டும் என்று பார்க்க ரெஜினாவுக்குப் போனிலேயே ஓட்டிக் காட்டினேன். தனசேகர் ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மறுமுனையிலிருந்து ரெஜினா, "இன்னும் கொஞ்சம்," என்றார்.